ஐஸ் கம்பனிக் குழாய்: எங்கே வெல்டிங், எங்கே போல்ட்?

கேள்வி: திருகோணமலை கொட்பே பக்கம் சிறிய ஐஸ் கம்பனி நடத்துகிறோம். குளிரூட்டும் அமோனியா ஓடும் குழாய்களையும் கடல்தண்ணீர்க் குழாய்களையும் மாற்ற வேண்டும். ஒரு பாஸ், எல்லாவற்றையும் வெல்ட் பண்ணிவிடலாம் என்கிறார். இன்னொருவர், பிளாஞ்ச் (குழாய் நுனியில் வரும் துளையிட்ட வட்டத் தகடு) வைத்து போல்ட் போட்டால் பிறகு கழற்றலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அமோனியாவுக்கு முதலாமவர், கடல்தண்ணீருக்கு இரண்டாமவர். எது பலம் என்று பார்க்காதீர்கள். அந்த இடத்தை இனித் திறக்க வேண்டி வருமா, கசிந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

அமோனியா வாயுவைத் திரவமாக்கும் கண்டென்சரில் அது 40 பாகைக்கு வந்தால் அழுத்தம் 14 பாரைத் தாண்டும். பிளாஞ்ச் வைக்கும் இடமெல்லாம் இடையில் ஒரு காஸ்கெட் (கசிவை அடைக்கும் வளையம்), கசிவதற்கு ஒரு வழி. ஆகவே வால்வு, கம்ப்ரசர் போன்று கழற்றியே ஆக வேண்டிய இடங்களில் மட்டும் பிளாஞ்ச், மற்றதெல்லாம் வெல்டிங். குளிர்க் குழாயில் ரெஜிபோம் (குளிர் போகாமல் காக்கும் நுரைத் தகடு) சுற்றிய பகுதிக்குள் பிளாஞ்ச் வைக்கவே வேண்டாம். ஓரிடத்தில் மணம் வருகிறது, கசிவைக் காணவில்லை என்று கூப்பிட்டார்கள். ரெஜிபோமை வெட்டி எடுத்தபோது உள்ளே போல்ட்டுகள் துருவேறிப் பாதியாக மெலிந்திருந்தன. பித்தளை, செம்பு உதிரிகளையும் அமோனியாப் பக்கம் சேர்க்காதீர்கள், அரித்துவிடும்.

பழைய குழாயை வெட்டும் முன் ஒரு விஷயம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காற்றில் அமோனியா 15 முதல் 28 வீதம் வரை கலந்திருந்தால் தீப்பொறியில் பற்றும். குழாயின் அடியில் தேங்கிய எண்ணெய்க்குள்ளும் அமோனியா ஒளிந்திருக்கும். வாயுவை முழுக்க இழுத்து, வால்வுகளைப் பூட்டி, எண்ணெயை வடித்து, நைதரசன் விட்டுக் கழுவி, கருவியால் அளந்து பார்த்த பிறகுதான் கிரைண்டரும் வெல்டிங் ஹோல்டரும் கிட்ட வரலாம். வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கக் கூடாது, ஈரம் உள்ளே தங்கிவிடும். உலர் நைதரசனால் அழுத்திச் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள்.

கடல்தண்ணீர்ப் பக்கம் கதை வேறு. சிப்பியும் பாசியும் உள்ளே பிடிக்கும். திறந்து சுரண்டாமல் தீராது. அங்கே பிளாஞ்ச் தாராளமாக வையுங்கள். நாகம் (சிங்க்) பூசிய கல்வனைஸ் குழாய் என்றால் பிளாஞ்சை முதலில் வெல்டிங்கால் ஒட்டிவிட்டு, பிறகு நாகக் குளியலுக்கு அனுப்புங்கள். பூசிய பின் ஒட்டினால் ஒட்டிய இடத்தில் நாகம் எரிந்து போய், துரு அங்கேயே தொடங்கும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் வரும். வசதிப்பட்டால் எச்டிபிஈ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாய் போடுங்கள், உப்பு அதை ஒன்றும் செய்யாது.

போல்ட் இறுக்குவதை இலேசாக நினைக்காதீர்கள். 4 அங்குலக் குழாயின் பிளாஞ்சில் பெரும்பாலும் 8 போல்ட் இருக்கும். ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேரெதிரே உள்ளது. பக்கத்தில் உள்ளதை உடனே தொடக்கூடாது. முதற் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் மூன்றில் இரண்டு, பிறகு முழு இறுக்கம், கடைசியில் வட்டமாக ஒரு சுற்று. குழாய்கள் நேராகப் பொருந்தவில்லை என்றால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்காமல் தாங்கியைச் சரிசெய்யுங்கள். கழற்றிய காஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். நட் போடும் முன் மரையில், இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் கிரீஸ் பூசுங்கள். இல்லாவிட்டால் நம் உப்புக்காற்றில் இரண்டு வருடத்தில் ஸ்பனருக்கு அசையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும்.

எப்போது செய்வது? கடல் குழம்பி ஐஸ் தேவை குறையும் வாடைக்காலத்தில்தான் நீங்கள் கம்பனியை நிறுத்துவீர்கள். மழையும் அப்போதுதான். 7018 என்ற வகை வெல்டிங் கூறு (ஒட்டும் கம்பி) ஈரம் உறிஞ்சினால் ஒட்டில் வெடிப்பு வரலாம். எனவே கூறுகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும் இடத்துக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டிக் கொடுங்கள்.