ஆல்பத்துக்கு ஒரு பாட்டு: பெட்ரா ரசிகர்கள் ஓட்டெடுப்பை எப்படி நடத்தலாம்?

கேள்வி: ஈரோடு பக்கம் எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் 20 பேர் இருக்கிறோம். பெட்ரா என்ற கிறிஸ்தவ ராக் இசைக்குழுவின் ஒவ்வொரு ஆல்பத்திலிருந்தும் எங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்க வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைத்தோம். பெரும்பாலும் முதல் பாட்டே ஜெயிக்கிறது. பாதிப் பேர் முழு ஆல்பத்தையும் கேட்கவே இல்லை. எப்படிச் சரியாக நடத்துவது? எந்தப் பாட்டுகளைத் தவறவிடக் கூடாது?

பதில்:

முதல் பாட்டு ஜெயித்தால் அதற்குப் பாட்டு மட்டும் காரணமில்லைங்க, ஓட்டெடுப்பு நடந்த விதமும் காரணம். கேட்டவுடன் பிடித்துக்கொள்ளும் வேகமான பாட்டை ஆல்பத்தின் தொடக்கத்தில் வைப்பது ராக் குழுக்களின் வழக்கம். 'ஆன் ஃபயர்' (1988) 'ஆல் ஃபயர்டு அப்' என்ற பாட்டோடும், 'பியாண்ட் பிலீஃப்' (1990) 'ஆர்ம்டு அண்ட் டேஞ்சரஸ்' என்ற பாட்டோடும் தொடங்குவது அதனால்தான். பாதியில் நிறுத்தியவர்கள் கேட்டது முன்பாதியைத்தான். கூடவே, வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் யார் எதற்குப் போட்டார் என்பது உடனுக்குடன் தெரிகிறது. கிட்டார் வாசிக்கும் அண்ணன் எதைத் தொட்டாரோ அதையே தம்பி தங்கைகளும் தொடுவார்கள். அதை விட்டுவிட்டு, எழுதி மடித்துப் போடும் சீட்டுக்கு மாறுங்கள்.

அதற்கு முன்னால் எந்த ஆல்பங்கள் என்பதை முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் நகரில் 1972இல் பாப் ஹார்ட்மேன் தொடங்கிய குழு இது. 2005இல் விடைபெறும் வரை ஸ்டுடியோ ஆல்பங்கள் மட்டுமே ஏறத்தாழ 20 வந்தன. வாரத்துக்கு ஒன்று என்றால் ஐந்து மாதம் ஓடும், ஆறாவது வாரத்திலேயே ஆள் குறைந்துவிடும். துதிப்பாடல் ஆல்பங்களை (1989, 1997, 2001) தனியாக வையுங்கள். சபையில் ஏற்கெனவே பாடிப் பழகிய கோரஸ்களும் புதிய ராக் பாட்டுகளும் ஒரே தராசில் நிற்காது. 2000இல் வந்த 'டபுள் டேக்' பெரும்பாலும் பழைய பாட்டுகளையே அக்கௌஸ்டிக் பாணியில் திரும்பப் பாடியது. அதையும் சேர்த்தால் ஒரு பாட்டு இரண்டு இடத்தில் நிற்கும். மேடைப் பதிவுகளும் தொகுப்புகளும் வேண்டாம்.

முதல் சுற்றுக்குப் பத்து ஆல்பங்கள் போதும்: 'நெவர் சே டை' (1981), 'மோர் பவர் டு யா' (1982), 'நாட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' (1983), 'பீட் த சிஸ்டம்' (1984), 'பேக் டு த ஸ்ட்ரீட்' (1986), 'திஸ் மீன்ஸ் வார்' (1987), 'ஆன் ஃபயர்', 'பியாண்ட் பிலீஃப்', 'அன்சீன் பவர்' (1991), 'வேக்-அப் கால்' (1993). முதல் நான்கிலும் கிரெக் எக்ஸ். வோல்ஸ் பாடினார். 1986இலிருந்து ஜான் ஷ்லிட். வோல்ஸ் குரல் தெளிவாக, மிதந்து போகும். ஷ்லிட் ஹெட் ஈஸ்ட் என்ற ராக் குழுவில் பாடிவிட்டு வந்தவர், தொண்டையைக் கீறிக்கொண்டு உச்சிக்குப் போவார். ரசிகர்களுக்குள் வரும் சண்டையில் முக்கால்வாசி இந்த இரண்டு குரலைப் பற்றியதுதான். ஆல்பத்துக்கு ஒரு பாட்டு என்பதால் இரு தரப்புக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. இந்த முறையின் பெரிய நன்மையே அதுதான். கடைசியில் பத்தையும் ஒன்றோடொன்று மோதவிட்டு 'எல்லாவற்றிலும் சிறந்தது' எது என்று கேட்டுவிடாதீர்கள்.

இனி கேட்கும் முறை. ஒவ்வொருவரும் ஆல்பத்தை முழுதாக இரண்டு முறை கேட்க வேண்டும். முதல் முறை வரிசைப்படி. இரண்டாம் முறை கடைசிப் பாட்டிலிருந்து முதல் பாட்டுக்கு. இப்படிச் செய்தால் எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் ஒளிந்திருக்கும் பாட்டுகள் காது சோர்வதற்கு முன்பே வந்துவிடும். ஆல்பம் ஒன்று பெரும்பாலும் முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. ஈரோட்டிலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் போய் இறங்குவதற்குள் இரண்டு முறையும் முடிந்துவிடும்.

செயலியில் வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணைத்து வையுங்கள். ஒரு பாட்டின் வாலும் அடுத்த பாட்டின் தலையும் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைக்க வேண்டும். யூடியூபில் கிடைத்ததை எடுத்துக் கேட்பதில் ஒரு கோளாறு உண்டு. கேசட்டிலிருந்து ஏற்றிய பதிவுகளில் வேகம் கொஞ்சம் மாறி, சுருதி ஏறியோ இறங்கியோ இருக்கும். ஒரே ஆல்பத்தில் நாலு பாட்டை ஒருவர் ஏற்றியதிலும் மீதியை இன்னொருவர் ஏற்றியதிலும் கேட்டால், நீங்கள் ஒப்பிடுவது பாட்டுகளை அல்ல, பதிவுகளை. எல்லோரும் ஒரே மூலத்தில் கேளுங்கள்.

சத்த அளவும் ஓட்டை மாற்றும். இரண்டு பாட்டில் ஒன்று சற்றே சத்தமாக ஒலித்தால் அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். பழைய பதிவும் அதன் ரீமாஸ்டரும் (ஒலியைப் புதிதாகச் சீரமைத்த பதிப்பு) அடுத்தடுத்து வந்தால் இது பளிச்சென்று தெரியும். செயலியில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒருவர் வால்யூமைக் கையால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

கூட்டமாகச் சபை ஹாலில் கேட்பதானால் ஸ்பீக்கரை மூலையில் வைக்காதீர்கள். மூலையில் வைத்தால் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி வீங்கி வார்த்தைகளை விழுங்கிவிடும். சுவரிலிருந்து மூன்றடி முன்னால், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் ஒரு பெஞ்சின் மேல் வையுங்கள். தகர ஷீட் போட்ட ஹாலில் மேலே நாலு ஃபேனும் சுற்றினால் மெதுவான பாட்டுகளின் தொடக்கம் கேட்கவே கேட்காது. மத்தியான வெயிலில் ஃபேனை நிறுத்தவும் முடியாது. அதனால் ஹாலில் கேட்பதை ஞாபகப்படுத்திக்கொள்ள வைத்துக்கொண்டு, தீர்மானிக்கும் கேட்பை அவரவர் வீட்டில் ஹெட்போனில் முடித்துவிடுவது நல்லது.

சீட்டில் ஒரே பாட்டு எழுதச் சொல்லாதீர்கள். மூன்று பாட்டை வரிசைப்படுத்தி எழுதட்டும். முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1. ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 'பியாண்ட் பிலீஃப்' ஆல்பத்துக்கு 20 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். 'லவ்' பாட்டை முதலில் வைத்தவர் 7, 'க்ரீட்' 6, 'ஆர்ம்டு அண்ட் டேஞ்சரஸ்' 4, 'ஐ ஆம் ஆன் த ராக்' 3. ஒற்றை ஓட்டு முறையில் 'லவ்' ஜெயிக்கும். ஆனால் 13 பேருக்கு வேண்டியிருந்தது கனமான ராக் பாட்டு. அவர்கள் மூன்றாகப் பிரிந்து தோற்றார்கள். இப்போது மூன்று இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். 'லவ்' போட்ட 7 பேரும் இரண்டாவதாக 'ப்ரேயர்', மூன்றாவதாக 'க்ரீட்' எழுதுகிறார்கள். 'க்ரீட்' போட்ட 6 பேர் அடுத்து 'ஆர்ம்டு', 'ராக்'. 'ஆர்ம்டு' போட்ட 4 பேர் அடுத்து 'க்ரீட்', 'ராக்'. 'ராக்' போட்ட 3 பேர் அடுத்து 'க்ரீட்', 'ஆர்ம்டு'. கூட்டினால் 'க்ரீட்' 39, 'ஆர்ம்டு' 27, 'லவ்' 21, 'ராக்' 19, 'ப்ரேயர்' 14. மொத்தம் 120 வர வேண்டும், வருகிறது. ஆளுக்கு 6 புள்ளி என்பதால் 20 சீட்டுக்கு இந்தக் கூட்டுத்தொகை மாறாது. மாறினால் எங்கோ எண்ணியது தப்பு, உடனே திரும்ப எண்ணுங்கள்.

சமன் வந்தால் முதலிடம் எச்சா வாங்கிய பாட்டுக்கு. அதிலும் சமன் என்றால் அந்த இரண்டு பாட்டுக்கு மட்டும் மறுசீட்டு. முழு ஆல்பத்தையும் கேட்காதவர் அந்த வாரம் சீட்டுப் போடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூகுள் ஃபார்ம் வைப்பதானால், விருப்பங்களின் வரிசையை ஆளுக்கு ஆள் கலைத்துக் காட்டும் வசதியைத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே இருக்கும் பாட்டுக்குச் சும்மாவே ஓட்டு விழும்.

கேள்வியின் வாசகத்தையும் பாருங்கள். 'சிறந்த பாட்டு எது?' என்று கேட்டால், சபைக் கூட்டத்தில் பலர் எந்தப் பாட்டில் வசனம் அதிகம் என்று யோசித்து எழுதுவார்கள். 'இந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டை உங்கள் போனில் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது?' என்று கேளுங்கள். பதில் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

தவறவிடக் கூடாதவை என்று கேட்டிருக்கிறீர்கள். 1981 ஆல்பத்தில் 'த கலரிங் சாங்'. கிறிஸ்தவ வானொலிகளில் குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்த மென்மையான பாட்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் சொல்லிப் போகும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும். 1982இல் தலைப்புப் பாட்டு ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் மேல் கட்டியது. அதே ஆல்பத்தில் 'ரோஸ் கலர்டு ஸ்டெய்ண்டு கிளாஸ் விண்டோஸ்' வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளேயே இருந்துவிடும் சபையைக் கேள்வி கேட்கிறது. ஓட்டில் தோற்றாலும் கலந்து பேசுவதற்கு இதைவிட நல்ல பாட்டு அந்த ஆல்பத்தில் இல்லை. 1983இல் என் ஓட்டு தயங்காமல் 'கிரேவ் ராபர்' பாட்டுக்கு. மரணத்தின் கூர் எங்கே என்று கேட்கும் 1 கொரிந்தியர் 15 அப்படியே பாட்டாகியிருக்கிறது. 1984 ஆல்பம் முழுக்க சின்தசைசர், அந்தச் சத்தம் இப்போது பலருக்கு ஒட்டாது. அதனாலேயே பசித்த குழந்தைகளைப் பற்றிய 'ஹாலோ ஐஸ்' கவனிக்கப்படாமல் போகிறது. அதே ஆல்பத்தில் வரும் 'காட் கேவ் ராக் அண்ட் ரோல் டு யூ' ஆர்ஜென்ட் என்ற குழுவின் பாட்டு. பெட்ரா அதை 1977இலும் ஒருமுறை பதிவு செய்திருக்கிறது. வேறொருவர் பாட்டுக்கு இடம் உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், ஓட்டு எண்ணும்போது அல்ல.

1987இல் 'ஹீ கேம், ஹீ சா, ஹீ காங்கர்டு'. வந்தேன், கண்டேன், வென்றேன் என்ற சீசரின் வாக்கைத் திருப்பி இயேசுவுக்குச் சூட்டியது. 1986இன் 'பேக் டு த ஸ்ட்ரீட்' முதல் 'அன்சீன் பவர்' வரை ஒலியை அமைத்தவர்கள் எலிஃபான்ட் சகோதரர்கள். அவர்களில் ஜான் எலிஃபான்ட் கேன்சஸ் என்ற ராக் குழுவில் பாடியவர். பின்னணிக் குரல்கள் சுவர்போல அடுக்கி நிற்பது அவர்கள் கைவேலை. 1993இல் அவர்கள் இடத்துக்குத் தயாரிப்பாளர் பிரவுன் பேனிஸ்டர் வந்ததும் அந்தச் சுவர் இறங்கி ஒலி வெறுமையாகிறது. 'வேக்-அப் கால்' சிலருக்கு முதல் கேட்பில் சப்பென்று படுவது இதனால்தான். அந்த ஆல்பத்துக்கு மட்டும் மூன்றாம் முறை கேட்கச் சொல்லுங்கள்.

'க்ரீட்' பற்றிக் கொஞ்சம் கூடுதலாக. அப்போஸ்தலருடைய விசுவாசப் பிரமாணத்தின் மேல் எழுதிய கனமான ராக் பாட்டு இது. சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர்கள் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லும் அதே வரிகள். அவர்களுக்கு இந்தப் பாட்டு முதல் முறையிலேயே உள்ளே போய்விடும். பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து வரும் நண்பர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. கேட்பதற்கு முன்னால் பிரமாணத்தைத் தமிழில் ஒருமுறை எல்லோரும் வாசித்துவிடுங்கள். தேடும்போது ஒரு எச்சரிக்கை: கிறிஸ்தவப் பாடகர் ரிச் மல்லின்ஸ் 1993இல் வெளியிட்ட பாட்டுக்கும் இதே தலைப்பு, இதே மூலம். பெயரை மட்டும் தட்டினால் அது வந்து நிற்கும். குழுவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

1982 ஆல்பத்தின் 'ஜூடஸ் கிஸ்' பாட்டைப் போடும்போது பெரியவர் யாராவது வந்து, "ஏங்கண்ணு, தலைகீழாப் போட்டா சாத்தான் பேசுமாமே?" என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ராக் இசைமேல் இருந்த குற்றச்சாட்டே அது. அதற்குப் பதிலடியாக, பாட்டுக்கு முன்னால் பெட்ரா வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைத் தலைகீழாகப் பதிவு செய்தது. ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் அந்தச் சில விநாடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் ரிவர்ஸ் கொடுத்தால் வாக்கியம் நேராகும்: கர்த்தரைத் தேட வேண்டிய நீ பிசாசை எதற்குத் தேடுகிறாய் என்ற பொருள். பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே செய்து காட்டுங்கள். சில பதிவுகளில் அந்த விநாடிகள் முந்தைய பாட்டின் வாலில் ஒட்டியிருக்கும். தனிப் பாட்டாக இறக்கியவர்களுக்கு அது கிடைக்காமல் போவது அதனால்தான்.

தேர்ந்தெடுத்ததைக் கூடுகையில் பாடுவதானால், ஷ்லிட் பாட்டுகளை மூலச் சுருதியில் தொடாதீர்கள். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸை மைனஸ் 2இல் வைத்துத் தொடங்குங்கள், கோரஸின் உச்ச வரியை முதலில் பாடிப் பாருங்கள். அதுவும் எட்டவில்லை என்றால் மைனஸ் 4. கிட்டார்காரரிடம் எத்தனை படி இறக்கினீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள், கீபோர்டில் அழுத்தும் கட்டை மாறாததால் இதை மறந்துவிடுவது சகஜம்.