அந்தக் காலத்துல ரோட்டுக்கு மரக்கட்டை பதிச்சாங்களாமே, உண்மையா? ஏன்?

ஆமா, உண்மைதான். 19ஆம் நூற்றாண்டுல லண்டன், பாரிஸ், சிகாகோ மாதிரி ஊர்கள்ல கல் பதிச்ச தெருவுல குதிரை லாடமும் இரும்புப் பட்டை அடிச்ச சக்கரமும் போடுற சத்தம் தாங்க முடியாது, மரம்னா அது அடங்கிடும், அதான் முக்கியமான காரணம். பலகையா பரப்ப மாட்டாங்க, செங்கல் மாதிரி கட்டையா அறுத்து, நார் செங்குத்தா நிக்கிற மாதிரி அடுக்கி இடுக்குல தார் ஊத்துவாங்க, அப்பதான் சீக்கிரம் தேயாது. லண்டனுக்கு ஆஸ்திரேலியாவுல இருந்து ஜாராங்கிற கெட்டியான மரமே கப்பல்ல வந்துச்சு!

ஆனா ஈரம்தான் எமன். குதிரை மூத்திரம் ஊறி நாறும், மழையில வழுக்கும், சாதா மரம் சில வருஷத்துலயே மக்கிடும். 1910 பாரிஸ் வெள்ளத்துல கட்டைங்க பெயர்ந்து மிதந்துச்சு. அப்புறம் ரப்பர் டயர் வந்து சத்தம் குறைஞ்சதும் தார் ரோடே ஜெயிச்சுடுச்சு. சிகாகோவுல 1909ல கட்டை பதிச்ச சந்து ஒண்ணை 2011ல புதுப்பிச்சு வச்சிருக்காங்க, ரொம்ப நல்ல வேலை.