எந்த எத்தியோப்பியா, எந்த இந்தியா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஆதிச் சபையைப் பற்றியவை. முடிந்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று மட்டும் நீளும். அதற்குக் கேட்டவர்தான் பொறுப்பு.

கே: கிறிஸ்தவத்தை ரோமின் அரச மதமாக்கியது கான்ஸ்டன்டைன்தானே?

இல்லை. 313இல் அவரும் லிசினியஸும் கொடுத்தது வழிபாட்டு உரிமை. அரச மதம் ஆனது 380இல், தியடோசியஸ் காலத்தில். இதை எத்தனையாவது முறை எழுதுகிறேனோ!

கே: யூதர்களுக்குள் இருந்த விசுவாசம் புறஜாதியாரிடம் போனது பவுலால்தானே?

பவுல் பெரிய ஆள்தான், ஆனால் முதல் ஆள் அல்லர். அப்போஸ்தலர் 11ஐப் பொறுமையாகப் படியுங்கள். சீப்புரு தீவிலிருந்தும் சிரேனே பட்டணத்திலிருந்தும் வந்த சிலர் அந்தியோகியாவில் கிரேக்கரிடம் பேச ஆரம்பித்தார்கள். அவர்களுடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. பவுலைத் தர்சுவிலிருந்து பர்னபா கூட்டி வந்தது அதற்குப் பிறகுதான். புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று எருசலேமில் சுமார் 49இல் முடிவானது. ஆனாலும் பெரிய சிக்கல் பந்தியில்தான். புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார் (கலாத்தியர் 2). நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

கே: பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெற்ற மந்திரிதான் எத்தியோப்பியச் சபையைத் தொடங்கினார் என்று படித்தேன். அலெக்சாந்திரியா ஆசிரியர் பந்தேனுஸ் இந்தியா வந்ததும் அதுபோல உறுதிதானே? பழைய நூலிலேயே ‘இந்தியா’ என்று இருக்கிறதே?

பழைய நூலில் ஓர் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் இன்றைய வரைபடத்தை விரிக்காதீர்கள். இருபது வருடமாகச் சொல்கிறேன், யாரும் கேட்பதாக இல்லை.

கிரேக்கர் ‘எத்தியோப்பியர்’ என்றது எகிப்துக்குத் தெற்கே வாழ்ந்த கருநிற மக்களை. அந்த மந்திரியின் அரசியாக அப்போஸ்தலர் 8 சொல்லும் ‘கந்தாகே’ ஒரு பெண்ணின் பெயரே அல்ல, மெரோவே அரசிகளின் பட்டம். அந்த மெரோவே இன்று சூடானில் இருக்கிறது.

இன்றைய எத்தியோப்பியாவின் கதை அக்சும் என்ற பழைய அரசில் தொடங்குகிறது, ஏறக்குறைய 300 வருடம் கழித்து. செங்கடல் துறை ஒன்றில் ஒதுங்கிய கப்பலில் இருந்தவர்களை வெட்டிப் போட்டார்கள். தீரு பட்டணத்துச் சிறுவர் இருவர் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்களாம். இரக்கப்பட்டு அவர்களை அரசனிடம் கொண்டுபோனார்கள். அவர்களில் ஃப்ருமென்தியுஸ் அரண்மனைப் பொறுப்புக்கு உயர்ந்தார். பிறகு அலெக்சாந்திரியா போய் அங்கத்து ஆயர் அத்தனாசியுஸ் கையால் ஆயராகித் திரும்பினார். அக்சும் மன்னன் எசானாவின் காசுகளைப் பாருங்கள்: முந்தியவற்றில் பிறையும் வட்டமும், பிந்தியவற்றில் சிலுவை. கதையைச் சந்தேகித்தாலும் காசைச் சந்தேகிக்க முடியாது.

இந்தக் கதையை எழுதிவைத்த ரூஃபினஸ், அது நடந்த நாட்டுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘இந்தியா’! செங்கடலுக்கு அப்பால் எல்லாமே அவர்களுக்கு இந்தியாதான். அதனால்தான் இரண்டாம் நூற்றாண்டுக் கடைசியில் பந்தேனுஸ் போனதாகச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் சொல்லும் ‘இந்தியா’வைக் கண்டு நான் துள்ளிக் குதிப்பதில்லை. தென் அரேபியாவாக இருக்கலாம். நம் நாடாகவும் இருக்கலாம். எகிப்திலிருந்து முசிறிக்குக் கப்பல் வந்த காலம் அது. ‘உறுதி’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

கே: தோமா மயிலாப்பூர் வந்தாரா? ஒரே வார்த்தையில் பதில் தேவை.

முடியாது. மரபு வேறு, சான்று வேறு. ‘தோமாவின் பணிகள்’ என்ற நூல் மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிரியாக் மொழிச் சூழலில், பெரும்பாலும் எதெசாவில் எழுந்தது. அதில் வரும் கொண்டபாரஸ் மன்னனின் காசுகள் கிடைத்திருப்பது இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில். மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர் இருந்ததை ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா வணிகர் கொஸ்மாஸ் தெளிவாக எழுதுகிறார். அவர்களுக்குப் பாரசீகத்தோடு தொடர்பு இருந்தது.

கே: ஆர்மேனியா 301இல் மதம் மாறியபோது எந்த எழுத்தில் வேதம் படித்தார்கள்?

நல்ல கேள்வி. 301 மரபுத் தேதி, 314 என்பாரும் உண்டு. சொந்த எழுத்தை மெஸ்ரோப் மாஷ்தொத்ஸ் ஆக்கித் தந்தது சுமார் 405இல். அந்த நூறு வருடமும் கிரேக்கத்திலோ சிரியாக்கிலோ வாசித்து, வாயால் மொழிபெயர்த்தார்கள்.

கே: சீனாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனவர்கள் இயேசு சபையினர்தானே?

ஆயிரம் வருடம் தவறவிட்டீர்கள். சிரியாக் மரபுத் துறவி அலோபென் சீனத் தலைநகர் சாங்கானுக்கு (இன்றைய சியான்) வந்தது 635இல். அதைச் சொல்லும் கல்வெட்டு 781இல் நாட்டப்பட்டு இன்றும் சியானில் நிற்கிறது. உடல் முழுக்கச் சீனம், பக்கவாட்டில் துறவிகளின் பெயர்கள் சிரியாக்கில்.

கே: “ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி ஆவியானவர் தடை பண்ணினார்” (அப். 16:6). ஆசியரான நம்மை ஏன் ஒதுக்கினார்?

ஒதுக்கவில்லை ஐயா. அந்த ‘ஆசியா’ ரோமரின் ஒரு மாகாணம். இன்றைய துருக்கியின் மேற்குக் கரை, பெரிய பட்டணம் எபேசு. பவுல் பின்னால் அங்கே போய் இரண்டு மூன்று வருடம் தங்கினார். வரைபடத்தைப் பற்றி மேலே சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.