லாரி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றும்போது துருப்பிடித்த ஸ்டட் (தலையில்லாத மரையாணி) இன்ஜின் ஹெட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. எப்படி எடுப்பது?

அவசரப்பட்டு டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். எண்ணூர், ராயபுரம் பக்கம் கன்டெய்னர் ஓடும் வண்டி என்றால் உப்புக்காற்றும் எக்ஸாஸ்ட் சூடும் சேர்ந்து மரையை இறுக்கிப் பிடித்திருக்கும். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள்.

மறுநாள் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, பேட்டரி ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். உடைந்த ஸ்டட் துண்டு கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் வெல்டிங் நிரப்பச் சொல்லுங்கள். அந்தச் சூடுதான் பாதி வேலையைச் செய்யும். சிவப்பு அடங்கியதும் ஸ்பேனரால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், துருப்பொடி உதிரும், துண்டு நகரும். எனக்கு நாலு முறை வெல்டு விட்டுப்போய் ஐந்தாவது முறை வந்திருக்கிறது.

உள்ளேயே உடைந்திருந்தால் நட்டநடுவில் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுற்றும் பிட்டால் துளையுங்கள். சில சமயம் அதிலேயே கழன்று வந்துவிடும். ஈஸி அவுட்டை (துளைக்குள் விட்டு உடைந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் கருவி) மட்டும் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். அது உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதை வெட்டாது, அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.

பூட்டும்போது ஸ்டட், கேஸ்கெட் எல்லாமே புதிது போடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கம்பெனி சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) இறுக்குங்கள்.