‘மத நம்பிக்கை’ என்று எழுதிக் கொடுத்தால் தடுப்பூசி வேண்டாமா?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோரிடமிருந்து இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் தடுப்பூசிக் கேள்விகள்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். குழந்தைகள் மருத்துவர் என்ற முறையில் எனக்கு இதில் தெளிவான ஒரு பக்கம் உண்டு, அதை மறைக்கவில்லை.

டாக்டர், மத சுதந்திரம் அரசியல் சட்டத்திலேயே இருக்கும்போது ஊசி போடாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நூறு வருடத்துக்கும் மேலாகச் சொல்லி வருகிறார்கள். மாசசூசெட்ஸில் பெரியம்மை பரவியபோது ஊசி போட்டுக்கொள்ள மறுத்த ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியாருக்கு 5 டாலர் அபராதம் போட்டார்கள், அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், ஊர் நலனுக்காகக் கட்டாயப்படுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1905-ல் தீர்ப்பு வந்தது. பள்ளிச் சேர்க்கைக்கு ஊசி கேட்பது சரிதான் என்று 1922-ல் சான் ஆன்டோனியோ வழக்கில் சொன்னார்கள். அப்புறம் 1944-ல், குழந்தைத் தொழிலாளர் பற்றிய ஒரு வழக்கில், மத சுதந்திரம் என்பது குழந்தையையோ ஊரையோ தொற்றுநோய்க்கு ஆளாக்கும் உரிமை ஆகாது என்றும் எழுதிவைத்தார்கள். அதனால் மத விலக்கு, அதாவது மத நம்பிக்கையைக் காட்டி ஊசியிலிருந்து விலக்கு பெறுவது, ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் விரும்பிக் கொடுத்த சலுகை, கொடுத்தே ஆகவேண்டிய உரிமை அல்ல என்பதுதான் இதுவரை இருந்த புரிதல்.

இப்போது அது ஆட்டம் காண்கிறது. அமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நியூயார்க் பள்ளிகள் மத விலக்கு கேட்டுத் தொடுத்த வழக்கை மறுபடியும் பரிசீலிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. எனக்கு இது கவலையாகத்தான் இருக்கிறது.

எந்தெந்த மாநிலத்தில் மத விலக்கு கிடையாது?

கலிபோர்னியா 2015-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. நியூயார்க்கும் மெய்னும் 2019-ல், கனெக்டிகட் 2021-ல். மிசிசிப்பியில் பல பத்தாண்டுகளாக இல்லாமல் இருந்தது, 2023-ல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டு மத விலக்குக்கு வழி திறந்துவிட்டது. மேற்கு வர்ஜீனியாவில் மத விலக்கு கொடுக்கச் சொல்லி 2025-ல் ஆளுநர் உத்தரவு போட, அது நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. ஃபுளோரிடா எல்லாத் தடுப்பூசிக் கட்டாயத்தையுமே எடுக்கப் போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தது. நண்பர் சொன்னார் என்று நம்பாமல், உங்கள் மாநில சுகாதாரத் துறையிடம் இந்த வருட விதியைக் கேளுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் ஊசியில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதாம். மத விலக்கு கேட்கலாமா?

இது நேர்மையான கேள்வி, இதைத் தட்டிக்கழிக்கிற டாக்டர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆமாம், எம்எம்ஆர்-டூ ஊசியில் மருந்து கெட்டுப்போகாமல் இருக்க அந்த ஜெலட்டின் சேர்க்கிறார்கள். ஆனால் 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ப்ரையரிக்ஸ் என்ற எம்எம்ஆர் ஊசியில் ஜெலட்டின் இல்லை. ‘அது கிடைக்குமா’ என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், இல்லை என்றால் வரவழைக்க முடியுமா என்றும் கேளுங்கள். இரண்டும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும்தான். அமெரிக்காவில் போடும் சின்னம்மை ஊசியிலும் ஜெலட்டின் உண்டு, அதற்கு மட்டும் மாற்று இல்லை.

மற்ற மதத்தவர் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்று பாருங்கள். ஜெலட்டின் முற்றிலும் வேறு பொருளாக மாறிவிட்டதால் மருந்தில் ஏற்கலாம் என்று 1995-ல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள் முடிவு சொன்னார்கள். ரூபெல்லா, சின்னம்மை ஊசிகளை 1960-களில் கருக்கலைப்பிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிவரும் செல் வரிசைகளில் வளர்க்கிறார்கள் என்பது கத்தோலிக்கர்களின் நெருடல். வேறு வழி கேட்டுப் போராடுங்கள், அது கிடைக்காதவரை பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் காக்க இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று வத்திக்கான் 2005-ல் சொன்னது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர்கூட 1952-ல் தடுப்பூசித் தடையை எடுத்துவிட்டார்கள். பெரிய மதங்களில் தடுப்பூசியே கூடாது என்று சொல்வது அநேகமாக எதுவுமில்லை.

சட்டம் பெரும்பாலும் உங்கள் மதத் தலைமை என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை, உங்கள் நம்பிக்கை உண்மையானதா என்றுதான் பார்க்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: நம்பாத ஒன்றை நம்புவதாக எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் மகனுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு. அடுத்த பிள்ளை போடாவிட்டால் எனக்கென்ன?

உங்கள் மகனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். இரண்டு டோஸ் எம்எம்ஆர் தட்டம்மையை சுமார் 97 சதவீதம் தடுக்கும். ஆனால் அதே வகுப்பில் ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போடவே முடியாது. ஒரு வயது ஆகாத தம்பி தங்கைகளுக்கும் வழக்கமாகப் போடுவதில்லை. தட்டம்மைக்காரர் ஒருவர் இருந்துவிட்டுப் போன அறையில் கிருமி 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும், எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நெருங்கினால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். இவர்களுக்குச் சுற்றியிருப்பவர்கள் போட்ட ஊசிதான் வேலி. அந்த வேலி நிற்க சுமார் 95 சதவீதம் பேர் போட்டிருக்க வேண்டும், 2024-25 கல்வியாண்டில் கிண்டர்கார்டன் பிள்ளைகளில் அது 92.5 சதவீதம்தான். ஏதோ ஒரு ஊசிக்கு விலக்கு வாங்கியவர்கள் 3.6 சதவீதம்.

சின்ன எண்ணாகத் தெரிகிறதே என்பீர்கள். நாடு முழுக்க சீராகப் பரவி இருந்தால் சின்னதுதான். ஆனால் விலக்கு வாங்குபவர்கள் ஒரே ஊரில், ஒரே பள்ளியில், ஒரே வழிபாட்டுக் கூட்டத்தில் சேர்ந்து இருக்கிறார்கள். 2025-ல் மேற்கு டெக்ஸாஸின் கெய்ன்ஸ் கவுன்டியில் அதுதான் நடந்தது. அங்கே தொடங்கிய தட்டம்மை டெக்ஸாஸில் 762 பேரைத் தாக்கியது, ஊசி போடாத, பள்ளி வயதுக் குழந்தைகள் இரண்டு பேர் இறந்தார்கள். 2000-ல் ஒழித்துவிட்டோம் என்று அறிவித்த நோய் இது. இதை எழுதும்போதுகூட மனசு ஆறவில்லை.

இந்தியாவில் எல்லாம் போட்டுவிட்டுத்தான் வந்தோம். பள்ளி நர்ஸ் மறுபடி போடச் சொல்கிறார். ஏன்?

இந்தியாவில் தட்டம்மைக்கு முதல் ஊசி 9 மாதத்தில். அமெரிக்கப் பள்ளிகள் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதைத்தான் கணக்கில் எடுக்கும். அதனால் உங்கள் இரண்டு டோஸில் ஒன்று கழிந்துவிடும். அதேபோல 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த போலியோ சொட்டு மருந்தையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது இரண்டு வகைப் போலியோவுக்கு மட்டுமானது. இரண்டாவது முறை போட்டால் கெடுதல் இல்லை. சில பெற்றோர் இந்த அலைச்சலுக்குப் பயந்தே மத விலக்குப் படிவத்தை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், தயவுசெய்து வேண்டாம்.

விலக்கு வாங்கியிருக்கிறோம். பள்ளியில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை, 21 நாள் வராதே என்கிறார்கள். இது சரியா?

சரிதான். அம்மை வெளியே தெரிய அத்தனை நாள் வரை ஆகலாம். நீங்கள் கையெழுத்திட்ட படிவத்திலேயே பெரும்பாலும் இது இருக்கும். அந்தப் பிள்ளையை நெருங்கிய 72 மணி நேரத்துக்குள் எம்எம்ஆர் போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு, இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

முட்டை அலர்ஜி இருந்தால் மருத்துவ விலக்கு கிடைக்குமா?

எம்எம்ஆருக்குக் கிடைக்காது, முட்டை அலர்ஜி இருந்தாலும் போடலாம். ஜெலட்டின் அல்லது நியோமைசினுக்குக் கடுமையான அலர்ஜி, எதிர்ப்புச் சக்திக் குறைபாடு போன்றவைதான் உண்மையான காரணங்கள்.

உண்மையைச் சொல்கிறேன் டாக்டர், எங்களுக்கு மதம் காரணமே இல்லை. பெரியவளுக்கு ஊசிக்குப் பிறகு காய்ச்சலில் வலிப்பு வந்தது, சின்னவனுக்குப் போடப் பயமாக இருக்கிறது.

சொன்னதற்கு நன்றி அம்மா. அதை நேரில் பார்த்தவர்களுக்குப் பயம் போகாது, நான் போகச் சொல்லவும் இல்லை. எம்எம்ஆருக்குப் பிறகு இப்படி வலிப்பு வருவது 3,000 முதல் 4,000 டோஸுக்கு ஒன்று, பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பின்விளைவு விடாமல் போய்விடும். தட்டம்மை வந்தாலோ 1,000 பிள்ளைகளில் ஒருவருக்கு மூளை வீங்கும், 1 முதல் 3 பேர் வரை இறக்கலாம். சின்னவனுக்குப் போடும்போது அக்காவுக்கு நடந்ததை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். சின்னம்மையையும் சேர்த்த நான்கு நோய் ஊசியில் முதல் டோஸின்போது வலிப்பு வாய்ப்பு சற்று அதிகம், அதனால் எம்எம்ஆரையும் சின்னம்மையையும் தனித்தனி ஊசியாகக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் பெரும்பாலும் 5-ம் நாளிலிருந்து 12-ம் நாளுக்குள் வரும், அந்த ஒரு வாரம் அவனை உங்கள் பக்கத்திலேயே படுக்க வையுங்கள்.