ஆற்றுக்கு ஓர் அளவு, குழாய்க்கு ஓர் அளவு

தென்பெண்ணை, காவிரிக் கரை ஊர்களிலிருந்து ஆற்று நீரின் தரம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: சுத்திகரித்த கழிவுநீருக்கு இதுவரை 30 இருந்ததை 10 ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு. இது என்ன கணக்கு? 10 ஆனால் தென்பெண்ணை சுத்தமாகிவிடுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: நீங்கள் சொல்வது பி.ஓ.டி. அளவு. நீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் தின்று முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். நம் நாட்டில் 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து அளக்கிறார்கள்.

இந்த 10 புதிதாக முளைத்ததல்ல. 2015 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவிலேயே பி.ஓ.டி. 10, மிதக்கும் திடப்பொருள் 20, மொத்த நைட்ரஜன் 10 என்று இருந்தது. 2017 அக்டோபர் 13 அன்று இறுதி அறிவிக்கை வந்தபோது அது தளர்ந்துவிட்டது. பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று ஆனது. நைட்ரஜன் வரம்பு காணாமலே போனது. 2019 ஏப்ரல் 30 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மறுபடியும் 10 ஆக்கும்படி உத்தரவிட்டது. கூடவே ஏரி, குளங்களில் சேரும் நீருக்குப் பாஸ்பரஸ் 1 மில்லிகிராம், மலக் கோலிஃபார்ம் கிருமி 100 மில்லிலிட்டருக்கு அதிகபட்சம் 230 என்றும் சேர்த்தது. 2017 அறிவிக்கையில் இந்தக் கிருமி அளவு 1000.

இவை எல்லாம் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிக்குழாய் வாயில் பார்க்கும் அளவுகள். ஆற்றுக்குள் பார்க்கும் அளவு வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், குளிக்கத் தகுந்த ஆறு 'பி' வகை. அதில் பி.ஓ.டி. 3-ஐத் தாண்டக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். ஆற்றில் விநாடிக்கு 100 லிட்டர் நல்ல தண்ணீர், பி.ஓ.டி. 2 என்று வைப்போம். நிலையத்திலிருந்து விநாடிக்கு 20 லிட்டர், பி.ஓ.டி. 30-ல் வந்து கலக்கிறது. கலந்தபின் 6.7. அதே 20 லிட்டர் 10-ல் வந்தால் 3.3. பரவாயில்லை, எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். இப்போது ஏப்ரல் மாதத்துக்கு வாருங்கள். ஆற்றிலும் 20 லிட்டர்தான் ஓடுகிறது. 30-ல் விட்டால் 16, 10-ல் விட்டாலும் 6. குளிக்கும் தரத்துக்கு இரண்டு மடங்கு.

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழிநீரையும் வாங்கிக்கொண்டு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வருகிறது. கோடையில் அதற்குச் சொந்த நீர் சொற்பம். அப்படிப்பட்ட ஆற்றில் 10 என்ற அளவு தேவை, ஆனால் போதாது. கோடையில் சுத்திகரித்த நீரையும் ஆற்றில் விடாமல் தொழிற்சாலைக்கோ மர வளர்ப்புக்கோ திருப்பினால்தான் ஆற்றுக்குள் 3 என்பது நடக்கும்.

கேள்வி: கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் மலை மலையாக நுரை வருகிறதே, பி.ஓ.டி. குறைந்தால் அது நிற்குமா?
— வாசகி, பாகலூர்

பதில்: ஓரளவுக்கு. நுரைக்கு மூலம் சோப்பு, சலவைத்தூளில் உள்ள நுரைப்பொருள். அது நீரில் கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. மதகில் விழுந்து காற்றோடு கலக்கும்போது பொங்கும். காற்று நன்றாக ஊதும் சுத்திகரிப்பு நிலையத்தில் இதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஆகவே நுரை மலையாக நின்றால், அதிலே சுத்திகரிக்காத கழிவுநீர் நிறைய இருக்கிறது என்றே கொள்ளலாம். நுரையின்மேல் தண்ணீர் பீய்ச்சி அடக்குவது பார்வைக்கு மட்டும்தான் உதவும். நுரையைக் கையால் அள்ளவோ குழந்தைகளை அருகே விடவோ வேண்டாம். கிருமிகள் அதில் செறிந்திருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் சிறியது. கடுமையான அளவு வரைவாக வந்தால் நகராட்சி என்ன பதில் எழுத வேண்டும்? "நிதி இல்லை, முடியாது" என்று எழுதிவிடலாம் என்கிறார்கள் சிலர்.
— நகர்மன்ற உறுப்பினர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அப்படி எழுதாதீர்கள். வரைவு அறிவிக்கைக்குக் கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் தருகிறார்கள். அந்த 60 நாளில் எண்கள் இல்லாத கடிதம் போனால் அதைப் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. அளவைத் தளர்த்தச் சொல்வதைவிட, எந்த வரிசையில், எந்த ஆண்டுக்குள், யார் பணத்தில் என்று கேட்பதே ஊருக்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது. மாநில வாரியம் மத்திய அளவைவிடக் கடுமையாக்கலாமே தவிரத் தளர்த்த முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் ஊரின் கழிவுநீர்க் கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது திட்டக் கணக்கு. அதாவது 108 லிட்டர். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் 1 கோடியே 8 லட்சம் லிட்டர். நிலையத்துக்கு வந்து சேருவது 40 லட்சம் லிட்டர் என்று வையுங்கள். மீதி 68 லட்சம் லிட்டர் மழைநீர் வாய்க்கால் வழியே ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிறது. நிலையத்தை 30-லிருந்து 10-க்கு மேம்படுத்தினால் ஆறு தப்பிக்கும் சுமை நாளுக்கு 80 கிலோ. வாய்க்காலில் போகும் 68 லட்சம் லிட்டரில், லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றாலும், 1,360 கிலோ போகிறது. கடிதத்தின் முதல் பக்கத்தில் உங்கள் ஊரின் எண்களோடு இந்தக் கணக்கு இருக்க வேண்டும். முதல் பணம் வீட்டு இணைப்புக்கும், வாய்க்கால் ஆற்றைத் தொடும் இடத்தில் கழிவுநீரை மடக்கி நிலையத்துக்கு ஏற்றும் பம்புக்கும் கேளுங்கள். மடக்கும் சுவரைக் கோடை ஓட்டத்துக்கு ஏற்பத் தாழ்வாகக் கட்ட வேண்டும். உயர்த்திக் கட்டினால் மழை வெள்ளமும் மணலும் நிலையத்துக்குள் புகுந்து, தொட்டியில் வளர்த்த நுண்ணுயிரை ஒரே இரவில் அடித்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது, நிலையத்துக்குள் ஆகும் மாற்றம். பி.ஓ.டி. 10 என்பது நன்றாக நடக்கும் நிலையத்துக்கு எட்டாத அளவல்ல. செலவு பிடிப்பவை மற்ற மூன்றும்தான்.

நைட்ரஜன்: ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க 4.57 கிலோ ஆக்சிஜன் வேண்டும். பி.ஓ.டி.க்கு மட்டும் கணக்கிட்டுப் போட்ட ப்ளோயர் (காற்று ஊதும் கருவி) இதற்குப் போதாது. காற்றுத் தேவை பாதிக்குமேல் கூடலாம். 7.14 கிலோ காரத்தன்மையும் கரையும். காரம் தீர்ந்தால் தொட்டி புளிக்கும், நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர் சோர்ந்துவிடும், அமோனியா அப்படியே வெளியே வரும். இதற்கு வழி, காற்று ஊதாத ஒரு தொட்டியை முன்னால் வைத்து, நைட்ரேட் நீரைப் பின்னாலிருந்து திருப்பி அதற்குள் விடுவது. அங்கே நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனையே நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும். இப்படி நீக்கும் நைட்ரஜனுக்குச் செலவான ஆக்சிஜனில் ஐந்தில் மூன்று பங்கும், காரத்தில் பாதியும் திரும்பும். பழைய நிலையத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்பதே உங்கள் பொறியாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பாஸ்பரஸ்: கெலவரப்பள்ளியும் கிருஷ்ணகிரி அணையும் தேங்கும் நீர் என்பதால், ஆகாயத்தாமரையையும் பாசியையும் தடுக்க நமக்கு இது மிக முக்கியம். படிகாரம் போட்டுப் படியவைக்கலாம். ஒரு கிலோ பாஸ்பரஸை நீக்க நடைமுறையில் சுமார் 20 கிலோ படிகாரம் போகும். 5 மில்லிகிராமை 1 ஆக்க, 10 லட்சம் லிட்டருக்கு நாளொன்றுக்கு 80 கிலோ. படிகாரமும் காரத்தைத் தின்னும், சேறும் கூடும். சேற்றை உலர்த்தும் களத்தைப் பெரிதாக்காமல் படிகாரம் மட்டும் வாங்கினால், சேறு தொட்டியிலேயே தேங்கிக் கடைசியில் வெளிநீரோடு போய்விடும்.

கிருமி: திடப்பொருள் 20-க்குமேல் இருக்கும் நீரில் குளோரின் போட்டு 230-ஐ எட்டுவது கடினம். திடப்பொருளின் உள்ளே கிருமி ஒளிந்துகொள்ளும். அமோனியா மிச்சமிருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து வலுவிழக்கும். அதனால் வடிகட்டி முதலில், குளோரின் பிறகு, கலந்தபின் 30 நிமிடம் தொட்டியில் நிற்க வேண்டும். ஆற்றில் விடுமுன் மிஞ்சிய குளோரினை நீக்காவிட்டால் மீன் சாகும்.

மூன்றாவது கோரிக்கையை விட்டுவிடாதீர்கள்: ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஊருக்கும் அதே அளவு, அதே தேதி. மாநில எல்லையில் நுழையும்போதே பி.ஓ.டி. 3-ஐத் தாண்டிய நீரைக் கீழே உள்ள சிறு ஊர் எவ்வளவு செலவழித்தாலும் திருத்த முடியாது. எல்லையில் நாள்தோறும் அளந்து பொதுவில் வெளியிடும் கருவி வேண்டும் என்றும் எழுதுங்கள். கடைசிப் பத்தியில், ஓசூர் சிப்காட் போன்ற இடங்களில் சுத்திகரித்த நீரை வாங்கக்கூடிய தொழிற்சாலைகளுக்குக் குழாய் போட நிதி கேளுங்கள். நிலையத்தின் மின்கட்டணத்துக்கு ஆண்டுதோறும் வருமானம் வரும் வழி அதுதான்.

கேள்வி: அணைக் கால்வாய்த் தண்ணீரில் தக்காளியும் ரோஜாவும் போடுகிறோம். செடி தழைக்கிறது, காய் குறைகிறது. பாசனத்துக்கு என்று தனி அளவு இல்லையா?
— விவசாயி, ஓசூர் வட்டம்

பதில்: இருக்கிறது, முன்பு சொன்ன மத்திய வாரிய வகைப்பாட்டில் 'இ' வகை. மின்கடத்தும் திறன் 2250, சோடியம் விகிதம் 26, போரான் 2 என்பவை அதன் உச்சவரம்புகள். இதில் கிருமிக்கும் நைட்ரஜனுக்கும் வரம்பே இல்லை. பச்சையாகத் தின்னும் காய்க்கு இந்த வகைச் சான்று மட்டும் போதாது என்பது எங்கள் கருத்து. பச்சையாக உண்ணும் பயிருக்கு 100 மில்லிலிட்டரில் மலக் கோலிஃபார்ம் 1000-க்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1989-ல் சொன்னது நல்ல வழிகாட்டி.

செடி தழைப்பதற்குக் காரணம் நீரிலேயே இருக்கும் உரம். லிட்டரில் 20 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள நீரை ஒரு பருவத்தில் 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால், ஏக்கருக்கு 40 கிலோ தழைச்சத்து போட்டதாக ஆகிறது. 45 கிலோ யூரியா மூட்டை இரண்டுக்குச் சமம். தண்ணீரைப் பரிசோதித்து அந்த அளவு யூரியாவைக் கழியுங்கள். பூ எடுக்கும் பருவத்தில் கிணற்று நீர் இருந்தால் அதற்கு மாறுங்கள். தெளிப்பான் வேண்டாம், சொட்டுநீரும் நிலப்போர்வையும் போட்டால் காயில் நீர் படாது. மணல் வடிகட்டி கட்டாயம். வாரம் ஒருமுறை பக்கக்குழாய்களின் முனையைத் திறந்து விடாவிட்டால் வழுவழுப்புப் படிந்து சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: செப்டிக் டேங்கின் வெளிக்குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். தெரு வாய்க்காலில் விழுந்தால் அதுதான் ஆற்றில் சேரும் கழிவுநீர். டேங்க் கழிவின் ஒரு பகுதியைத்தான் படியவைக்கும், கிருமியைப் பெரிதாகக் குறைக்காது. வெளிநீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும், குழி கிணற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மழைநீரை டேங்கில் இணைக்காதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது சேறு ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும், லாரி வைத்து எடுங்கள். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

லாரி எங்கே கொட்டுகிறது என்று கேளுங்கள். 6,000 லிட்டர் லோடு ஒன்றில், பி.ஓ.டி. 5,000 என்று வைத்தால், 30 கிலோ இருக்கிறது. 10 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 30 அளவில் ஒரு நாள் முழுக்க வெளியே விடும் சுமை அது. ஒரே லாரி ஓடையில் கொட்டினால் அந்த நாளின் உழைப்பு போயிற்று.

கேள்வி: எங்கள் பகுதியில் புளோரைடுதான் பிரச்சினை. ஆற்று அளவைக் கடுமையாக்கினால் அது குறையுமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: குறையாது. புளோரைடு பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைவது. அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்தது. ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்ப முடியாத மாவட்டங்கள் நாம் என்பதால், ஆற்று நீரின் அளவுகள் மற்றவர்களைவிட நமக்கு அதிகம் வேண்டும்.

கேள்வி: நாங்களே தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாமா?
— கல்லூரி மாணவர்கள், தருமபுரி

பதில்: அனுப்பலாம். கரையோரத்திலும் மேல்மட்டத்திலும் எடுக்காமல், ஓட்டத்தின் நடுவில் ஓர் அடி ஆழத்தில் எடுங்கள். பி.ஓ.டி. புட்டியைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கிருமிக்குத் தனியாகக் கொதிநீராவியில் சுத்தம் செய்த புட்டி; குளோரின் போட்ட நீரென்றால் அதில் முன்னமே சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனுக்கு மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் ஆற்றங்கரையிலேயே சேர்க்க வேண்டும். நேரத்தையும் எழுதுங்கள். பாசி மிகுந்த நீரில் மதியம் ஆக்சிஜன் 8, 9 என்று ஏறி நிற்கும், அதே இடம் விடியற்காலையில் மீன் மூச்சுவிட முடியாத அளவுக்கு இறங்கும். சூரியன் எழுமுன் ஒன்று, பிற்பகல் 2 மணிக்கு ஒன்று என்று இரண்டு மாதிரி எடுத்தால்தான் ஆறு எப்படி இருக்கிறது என்று தெரியும்.