பாட்டி கேட்ட அந்தக் கோயில் கதவுக் காட்சி

பாடியதும் கோயில் கதவு திறக்கும் அந்தக் காட்சி 'திருவிளையாடல்' படத்தில்தானே என்று கேட்டிருந்தீர்கள். அது 'திருவிளையாடல்' இல்லை, 1967-ல் வந்த 'திருவருட்செல்வர்'. நாயன்மார்களில் ஒருவரான அப்பராக, கூன் விழுந்த முதியவராக சிவாஜி வேதாரண்யத்தில் நின்று 'பண்ணின் நேர்மொழியாள்' பாட, பூட்டிக் கிடந்த கோயில் கதவு திறக்கும். உங்கள் பாட்டி சொன்னது இதைத்தான்.

குழப்பம் வருவது சகஜம். இரண்டுக்கும் இயக்கம் ஏ.பி.நாகராஜன், இசை கே.வி.மகாதேவன், நாயகன் சிவாஜி. ஆனால் 1965-ல் வந்த திருவிளையாடல் முழுக்க சிவன் கதை, நாயன்மார் கதை அதில் எதற்கு வரப்போகிறது? துண்டு வீடியோ போடுகிறவர்களும் தலைப்பை இஷ்டத்துக்கு வைத்துவிடுகிறார்கள்.

சரியான படம்தானா என்று பார்க்க, முன்பகுதியை ஓட்டிப் பாருங்கள், அரசவையில் பத்மினி ஆடும் 'மன்னவன் வந்தானடி' வந்தால் அதுதான்.

ஒன்று மட்டும், சிவாஜி இதில் பல வேடம் போடுகிறார், அப்பர் பின்பாதியில்தான் வருவார், அதனால் முதல் அரைமணி நேரம் பார்த்துவிட்டு இதுவும் இல்லை என்று மூடிவிடாதீர்கள். பாட்டைக் குறைத்த பிரதிகளும் சுற்றுகின்றன, முழுநீளப் படமாகப் பார்த்து எடுங்கள். அப்புறம், திறந்த கதவை மறுபடி மூடப் பாடுவது இன்னொரு நாயன்மாரான சம்பந்தர். பெரியபுராணப்படி அப்பர் பதிகம் முழுக்க, அதாவது அதன் எல்லாப் பாட்டையும் பாடித்தான் திறந்தது, சம்பந்தருக்கோ முதல் பாட்டிலேயே மூடிவிட்டது. பாட்டியிடம் கேளுங்கள், இதை இன்னும் நன்றாகச் சொல்வார்.